டிஜிட்டல் பிஆர் ஆலோசகராகத் தனியாக இறங்கலாமா?

கேட்டிருந்தது சுருக்கமாக இது: விஸ்காம் படித்துவிட்டு, சென்னையில் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் நான்கு வருடமாக வேலை. மூன்று பிராண்டுகளின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு ‘டிஜிட்டல் பிஆர் கன்சல்டன்ட்’ (இணையத்திலும் பத்திரிகையிலும் ஒரு கம்பெனியின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் மக்கள் தொடர்பு ஆலோசகர்) என்று தனியாக ஆரம்பிக்கலாமா, எதைக் கற்றுக்கொள்ள வேண்டும், எவ்வளவு கேட்கலாம், ஏஐ வந்து இந்த வேலையையும் விழுங்கிவிடாதா, தனி வெப்சைட் வேண்டுமா.

இறங்கலாம். ஆனால் உடனே வேண்டாம். பக்கத்தைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதத்துக்கு எத்தனை போஸ்ட், எத்தனை ரீல் என்று எண்ணிக் காசு கொடுப்பார்கள். ஆலோசகருக்குக் காசு கொடுப்பது வேறு ஒன்றுக்கு. கோபத்தில் இருக்கிற முதலாளி இரவு பத்து மணிக்கு எதையோ டைப் செய்து அனுப்பி ‘இதைப் போடு’ என்னும்போது, ‘சார், இதைப் போட வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எதைப் போடலாம் என்று அரை மணி நேரத்தில் எழுதியும் கொடுக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு உங்கள் பேச்சுக்கு மதிப்பு வேண்டும். அந்த மதிப்பு கேன்வாவும் மெட்டா பிசினஸ் சூட்டும் தெரிவதால் வராது. செய்தி எப்படி உருவாகிறது, எந்த வாக்கியம் நாளை கோர்ட்டில் நிற்கும், எது இன்று ராத்திரியே மீம் ஆகும் என்று தெரிவதால் வரும்.

இந்தத் தொழில் இணையத்தைவிட வயதில் மூத்தது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே ஒரு ரயில் பாலத்திலிருந்து நீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் காலத்து ரயில்வே கம்பெனிகளுக்கு விபத்தை மூடி மறைப்பதுதான் பழக்கம். பென்சில்வேனியா ரயில்ரோடுக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, நடந்ததை நடந்தபடி எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். முதல் பத்திரிகைக் குறிப்பு என்று பாடப் புத்தகங்கள் சொல்வது அதைத்தான். இன்றைக்கு வாட்ஸ்அப், எக்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் என்று இடங்கள் மாறியிருக்கின்றன. மூடி மறைக்கலாம் என்ற ஆசை மட்டும் எல்லா முதலாளிகளிடமும் அப்படியேதான் இருக்கிறது.

நம் ஊரிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபர் 18. தமிழ்நாட்டில் ஒருவர் சொமேட்டோவில் உணவு ஆர்டர் செய்கிறார். ஒரு ஐட்டம் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். உணவகத்தோடு பேசுவதில் மொழிச் சிக்கல் என்கிறார் சாட்டில் இருந்த ஊழியர். தமிழ்நாட்டில் கடை நடத்துகிறீர்கள் என்றால் தமிழ் தெரிந்தவரை வையுங்கள் என்கிறார் வாடிக்கையாளர். இந்தி நம் தேசிய மொழி, எல்லோரும் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிற பொருளில் பதில் வருகிறது. சாட் ஸ்கிரீன்ஷாட் ட்விட்டருக்குப் போகிறது. ‘ரிஜெக்ட் சொமேட்டோ’ என்ற ஹேஷ்டேக் டிரெண்டிங். (இந்தியாவுக்குச் சட்டப்படி தேசிய மொழி என்று ஒன்று கிடையாது. அரசியலமைப்பின் 343ஆவது பிரிவு பேசுவது ஒன்றியத்தின் ஆட்சிமொழியைப் பற்றி.)

மறுநாள் நிறுவனம் ‘வணக்கம் தமிழ்நாடு’ என்று தொடங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிக்கை விட்டது. மன்னிப்பு இருந்தது. தமிழில் செயலி தயாராகிறது, கோயம்புத்தூரில் தமிழ் வாடிக்கையாளர் சேவை மையம் அமைக்கும் வேலை நடக்கிறது என்று சரிபார்க்கக்கூடிய இரண்டு தகவல்களும் இருந்தன. இதுவரை நல்ல வேலை. ஆனால் அதே அறிக்கையில், அந்த ஊழியரை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்றும் சொல்லியிருந்தார்கள். சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் தன் சொந்தக் கணக்கில் எழுதினார். சேவை மையத்தில் யாரோ அறியாமல் செய்த தவறு தேசியப் பிரச்சினை ஆகிவிட்டது, நாட்டில் சகிப்புத்தன்மை இன்னும் கூட வேண்டும், அந்த ஊழியரை மறுபடி சேர்த்துக்கொள்கிறோம், இதற்காக மட்டும் அவரை நீக்கியிருக்கக் கூடாது என்பது அதன் சாரம். காலையில் வாங்கிய நல்ல பெயர் மாலைக்குள் போனது. ‘சகிப்புத்தன்மை’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது அலை கிளம்பியது.

இங்கே ஒரு ஆலோசகர் எங்கே உதவியிருக்க முடியும்? என் கணக்கில் இரண்டு இடம். ஒன்று, ஊழியரை நீக்கிய வரி. கீழ்மட்டத்தில் இருப்பவரைப் பலி கொடுப்பது அறிக்கையில் பார்க்க உறுதியாகத் தெரியும். ஆனால் கோபப்பட்டவர்கள் கேட்டது அது இல்லை. அவர்கள் கேட்டது தமிழில் சேவை. கேட்காததைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதையே திரும்ப வாங்கினால் ஒரே நாளில் ஒரு கம்பெனிக்கு இரண்டு நாக்கு என்று ஆகிவிடுகிறது. இரண்டாவது, நிறுவனரின் சொந்தக் கணக்கு. ஊழியரை மீண்டும் சேர்த்தது சரியான முடிவு என்றுதான் நான் நினைக்கிறேன். அதைச் சொன்ன வாக்கியத்துக்குப் பக்கத்தில், புகார் சொன்ன மக்களுக்கே பாடம் எடுக்கிற இன்னொரு வாக்கியம் எதற்கு? அதை அடித்துவிடச் சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அந்த ஆளாக இருப்பதுதான் நீங்கள் விற்கப் போகிற சரக்கு.

எழுதும் வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுகிறேன். கற்பனைக் கடைதான்: திருநெல்வேலிப் பக்கம் நான்கு கிளை வைத்திருக்கும் ஒரு ஸ்வீட் ஸ்டால். சனிக்கிழமை மாலை ஒருவர் மிக்சர் பாக்கெட்டைப் பிரித்து, உள்ளே பூச்சி கிடப்பதை வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. முதலாளி உங்களுக்கு அனுப்பும் வரைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

‘எங்கள் நிறுவனத்தின் வளர்ச்சியைப் பொறுக்காத சில விஷமிகள் திட்டமிட்டு அவதூறு பரப்பி வருகின்றனர். 35 ஆண்டு பாரம்பரியம் கொண்ட எங்கள் நிறுவனம் தரத்தில் ஒருபோதும் சமரசம் செய்துகொண்டதில்லை. அவதூறு பரப்புவோர் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

மூன்று வாக்கியத்திலும் தகவல் என்று ஒன்று கூட இல்லை. வீடியோவைப் பார்க்காதவர்களையும் தேடிப் பார்க்க வைக்கிறது. புகார் சொன்னவர் உண்மையான வாடிக்கையாளர் என்று நாளைக்குத் தெரிந்தால், ‘விஷமி’ என்ற சொல் முதலாளியின் கழுத்தைப் பிடிக்கும்.

எழுத உட்காரும் முன் போனை எடுத்துக் கேட்க வேண்டியவை நிறைய. எந்தக் கிளை, என்று வாங்கியது, பாக்கெட்டில் உள்ள தயாரிப்புத் தேதி என்ன, அதே தேதி பாக்கெட்டுகள் இன்னும் கடையில் இருக்கின்றனவா, வாடிக்கையாளரிடம் யாராவது பேசினார்களா, என்ன பேசினார்கள், மிரட்டினார்களா (இது மிக முக்கியம், இந்த போன் கால் பெரும்பாலும் ரெக்கார்ட் ஆகியிருக்கும்), உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்தாரா, பாக்கெட் போடும் இடத்தில் பூச்சி மருந்து கடைசியாக எப்போது அடித்தது. பதில்கள் வந்த பிறகு இப்படி எழுதலாம்:

‘எங்கள் பாளையங்கோட்டைக் கிளையில் வாங்கிய மிக்சர் பாக்கெட்டில் பூச்சி இருந்ததாக ஒரு வாடிக்கையாளர் இன்று மாலை வீடியோ வெளியிட்டிருக்கிறார். அவரிடம் பேசினோம், வருத்தம் தெரிவித்தோம். அதே தேதியில் தயாரான மிக்சர் பாக்கெட்டுகளை நான்கு கிளைகளிலிருந்தும் எடுத்துவிட்டோம். இது எப்படி நடந்தது என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். தெரிந்ததை நாளை மாலை 5 மணிக்குள் இதே பக்கத்தில் சொல்கிறோம். அந்தத் தேதி பாக்கெட் உங்களிடம் இருந்தால் எந்தக் கிளையிலும் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். பில் தேவையில்லை.’

‘இருந்ததாக’ என்ற சொல் வக்கீலுக்காக. விசாரணை முடியாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது, வாடிக்கையாளரைப் பொய்யர் என்றும் சொல்லவில்லை. ‘எடுத்துவிட்டோம்’ என்ற சொல்லை, நான்கு கிளை மேலாளர்களும் காலியான ஷெல்ஃபைப் போட்டோ எடுத்து அனுப்பிய பிறகுதான் போட வேண்டும். அரை மணி தாமதமானாலும் பரவாயில்லை. நாளை 5 மணிக்குப் புதிதாக ஒன்றும் தெரியாவிட்டாலும், ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், சாம்பிளை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று 5 மணிக்குள் போட்டே ஆக வேண்டும். அந்த ஒரு பதிவைத் தவற விட்டால் முதல் அறிக்கையும் பொய் போலத் தெரியும்.

அப்புறம் சின்ன வேலைகள். இன்ஸ்டாகிராமுக்குப் படமாகப் போட்டால் வாட்ஸ்அப்புக்கு எழுத்தாகவே கொடுங்கள். படத்தில் இருக்கும் எழுத்தைக் காப்பி செய்து குடும்ப குரூப்பில் ஒட்டுவது எளிதல்ல. கமென்ட்டை மூடாதீர்கள். எல்லோருக்கும் ஒரே ‘சிரமத்துக்கு வருந்துகிறோம், டிஎம் செய்யவும்’ ஒட்டாதீர்கள். அடுத்த தாக்குதல் கூகுள் மேப்ஸில் ஒரு நட்சத்திர ரிவ்யூவாக வரும்; அங்கேயும் பதில் வேண்டும். இதைவிட அவசரம், கடையில் எடைபோடும் பையன்களுக்கு இரண்டு வரி சொல்லிக் கொடுப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர்க்காரர்கள் கேட்கப்போவது அவர்களிடம்தான். ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று அவர்கள் முழித்தால் நீங்கள் எழுதிய அறிக்கை வீண்.

பெரிய நிறுவனங்கள் இதில் தேறிவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2015 மேகி விவகாரத்தில் உத்தரப்பிரதேச ஆய்வகம் காரீயம் 17.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்றது, அனுமதி 2.5. எங்கள் நூடுல்ஸ் பாதுகாப்பானது என்பதையே நெஸ்லே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. ஜூன் தொடக்கத்தில் தடை வந்தது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது, நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்தது. பரிசோதனையிலும் தேறினார்கள், கோர்ட்டிலும் ஜெயித்தார்கள். ஆனாலும் ஐந்து மாத வியாபாரம் போனது, பல்லாயிரம் டன் சரக்கை அழிக்க வேண்டியிருந்தது. நியாயம் நம் பக்கம் என்பதால் மட்டும் அம்மாக்கள் குழந்தைக்குக் கிண்டிக் கொடுத்துவிட மாட்டார்கள்.

நெருக்கடி வேலை வருடத்துக்குச் சில தடவைதான் வரும். மீதி நாட்களில் சோறு போடுவது ஊடகத் தொடர்பு. இங்கேதான் தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது என்பது என் அனுபவம். மும்பையிலும் குருகிராமிலும் இருக்கும் ஏஜென்சிகள் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை இயந்திரத்தில் போட்டுத் தமிழாக்கி நம் பத்திரிகைகளுக்கு அனுப்புகின்றன. ‘முன்னணித் தீர்வுகள் வழங்குநரான எங்கள் நிறுவனம் பெருமையுடன் அறிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறது’ என்று தொடங்கும். பத்திரிகையின் டெஸ்க்கில் செய்தியைத் தேர்ந்தெடுத்துத் திருத்துபவர் முதல் வரியிலேயே டெலிட் அடித்துவிடுவார். அவர் தேடுவது எந்த ஊர், எத்தனை பேருக்கு வேலை, என்ன விலை, எப்போது. மெயில் தலைப்பில் ‘பத்திரிகைச் செய்தி, உடனடி வெளியீட்டுக்கு’ என்று போடுவதற்குப் பதில் ‘ஓசூரில் 200 பேருக்கு வேலை: பேட்டரி ஆலை ஆகஸ்டில் தொடக்கம்’ என்று போட்டுப் பாருங்கள். மாவட்டப் பதிப்பு இருக்கிற நாளிதழுக்கு, மாவட்டத்தின் பெயர் தலைப்பிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது.

செய்தியை மெயிலுக்குள்ளேயே யூனிகோடில் ஒட்டி அனுப்புங்கள். பழைய எழுத்துருவில் செய்த பிடிஎஃப்பிலிருந்து தமிழைக் காப்பி செய்தால் குப்பையாகத்தான் வரும், யாரும் உட்கார்ந்து மறுபடி அடிக்க மாட்டார்கள். போட்டோவில் இருப்பவர்கள் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். பேச ஒரு ஆளின் பெயரும் போன் எண்ணும் கொடுங்கள். அந்த ஆள் போனை எடுப்பவராக இருக்கட்டும். மாலையில் பதிப்பு முடிக்கிற அவசரத்தில் இருக்கும் நிருபரை அழைத்து ‘சார், மெயில் பாத்தீங்களா’ என்று கேட்காதீர்கள். செய்தியாளர் சந்திப்பில் நிருபர்களுக்குப் பணம் வைத்த கவர் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தொடாதீர்கள். கவர் வாங்குபவர் எழுதுகிற செய்தி உங்களுக்குப் பயன்படாது, வாங்காதவர் உங்களை மறக்க மாட்டார்.

இப்போதைய ‘டிஜிட்டல் பிஆர்’ என்ற பெயரில் பாதி, இணையதளங்களில் லிங்க் வாங்கித் தருவதுதான். உங்கள் வாடிக்கையாளரைப் பற்றி நல்ல தளம் ஒன்று எழுதி லிங்க் கொடுத்தால் கூகுள் தேடலில் மேலே வர உதவும் என்பது உண்மை. ஆனால் காசு கொடுத்து வாங்கும் லிங்க்குக்கு ‘ஸ்பான்சர்ட்’ (2019இல் வந்தது) அல்லது பழைய ‘நோஃபாலோ’ என்ற குறியீடு போட வேண்டும் என்பது கூகுளின் விதி. போடாமல் மொத்தமாக லிங்க் விற்பவர்களோடு கூட்டு வைத்தால் தண்டனை உங்கள் வாடிக்கையாளரின் தளத்துக்கு. இதற்கு மேல் இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

அறிக்கை கொடுக்கும் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பல ஏஜென்சிகள் மாதக் கடைசியில் ‘ஏவிஈ’ என்று ஒரு எண்ணைக் காட்டும். செய்தி வந்த இடத்தை சதுர சென்டிமீட்டரில் அளந்து, அந்தப் பத்திரிகையின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, ‘உங்களுக்கு இத்தனை லட்சம் மதிப்புள்ள விளம்பரம் இலவசமாகக் கிடைத்தது’ என்பார்கள். 12க்கு 8 சென்டிமீட்டர் செய்தி என்றால் 96 சதுர சென்டிமீட்டர். அந்தச் செய்தி உங்களைத் திட்டி எழுதியதாக இருந்தாலும் அதே 96தான். 2010இல் பார்சிலோனாவில் கூடிய இந்தத் துறையின் அளவீட்டு அமைப்புகளே, இது மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று கொள்கையாக அறிவித்துவிட்டன. இங்கே இன்னும் ஓடுகிறது, ஏனென்றால் முதலாளிக்குப் பெரிய எண் பிடிக்கும். நீங்கள் வேறு எண் காட்டுங்கள்: செய்தி வந்த வாரத்தில் கம்பெனி பெயரைக் கூகுளில் தேடியவர்கள் கூடினார்களா (கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் இலவசமாகத் தெரியும்), ஷோரூமுக்கு வந்த போன் கால்கள் எத்தனை, வேலை கேட்டு வந்த விண்ணப்பம் கூடியதா. எண் சின்னதாக இருக்கும். ஆனால் குறுக்குக் கேள்வி கேட்டால் நிற்கும்.

இனி, உங்களிடம் வரப்போகும் அழுக்கு வேலைகள். தனியாக ஆரம்பித்ததும் முதலில் கதவைத் தட்டுவது இவைதான், வாடகை கட்ட வேண்டிய மாதமாகப் பார்த்து வரும். ‘கூகுளில் நூறு ஃபைவ் ஸ்டார் ரிவ்யூ போட்டுக் கொடுங்க.’ ஆன்லைன் ரிவ்யூக்களுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. காசு கொடுத்து எழுத வைத்த ரிவ்யூ கூடாது என்பது அதில் அடக்கம். அதை விடுங்கள், ஒரே வாரத்தில் முளைத்த நூறு ரிவ்யூவைக் கூகுளே மொத்தமாகத் துடைத்துவிடும். ‘அந்த வீடியோவை எப்படியாவது தூக்கிடுங்க.’ இதற்கு நான் சொல்லும் கதை அமெரிக்கப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்டுடையது. தன் வீட்டின் வான்வழிப் புகைப்படத்தை நீக்கச் சொல்லி 2003இல் அவர் 5 கோடி டாலருக்கு வழக்குப் போட்டார். அதற்கு முன் அந்தப் படத்தை இறக்கியது ஆறே தடவை. அதில் இரண்டு அவருடைய வக்கீல்கள். வழக்குச் செய்தி வந்த பிறகு ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள்.

‘நாலு ஃபேக் ஐடி வச்சுப் போட்டியாளரைக் கிழிங்க’ என்பது மூன்றாவது. பெல் பாட்டிங்கர் என்ற லண்டன் நிறுவனத்தை நினைவில் வையுங்கள். பிரிட்டனின் மிகப் பெரிய பிஆர் கம்பெனிகளில் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக இன வெறுப்பைத் தூண்டும் பிரச்சாரம் நடத்தியது வெளியே வந்தது. 2017 செப்டம்பரில் அவர்களுடைய தொழில் சங்கமே அவர்களை வெளியேற்றியது. வாடிக்கையாளர்கள் வரிசையாக ஓடினார்கள், அதே மாதம் கம்பெனி திவால் நடைமுறைக்குப் போனது. அடுத்தவர் பெயரைக் காப்பாற்றுவதைத் தொழிலாக வைத்திருந்தவர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்ற ஒரு மாதம் கூடத் தாங்கவில்லை.

இன்ஃப்ளூயன்சர் வேலையும் உங்கள் தலையில் விழும். காசோ பொருளோ வாங்கிக்கொண்டு போடும் பதிவில் அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் விதி 2021 ஜூனிலிருந்து இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல் 2022இல் வந்தது. தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை போகலாம். யூடியூபர் ‘விளம்பரம்னு போட்டா வியூஸ் குறையும் அண்ணா’ என்பார். அவருக்கு அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.

காசுக்கு வருவோம். உங்களில் பலர் மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து ஒரு நாள் கட்டணம் சொல்கிறீர்கள், அதுதான் கையைக் கடிக்கிறது. மாதம் 60,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும், இணையம், மென்பொருள், பயணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 15,000 செலவு என்று வைத்துக்கொள்வோம். 75,000 வேண்டும். மாதத்தில் விற்கக்கூடிய நாள் 12க்கு மேல் தேறாது. மீதி நாட்கள் புது ஆள் பிடிக்க, இன்வாய்ஸ் துரத்த, படிக்கப் போய்விடும். அப்படியானால் ஒரு நாளுக்கு 6,250. மாதத்தில் நான்கு நாள் உங்கள் நேரத்தை எடுக்கும் ஒரு வாடிக்கையாளரிடம் 25,000 ரூபாய் ரீடெய்னர் (மாதாமாதம் கொடுக்கும் நிலையான கட்டணம்) கேட்க வேண்டும், அப்படி மூன்று பேர் வேண்டும். ஒருவரே 75,000 கொடுக்கிறார் என்றால் சந்தோஷப்படாதீர்கள். அவரிடம் ‘இதைப் போட வேண்டாம்’ என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது. நெருக்கடி நேர வேலைக்கு ரீடெய்னரில் சேராத தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். இரவு, ஞாயிறு எல்லாம் போகும்.

கம்பெனிகள் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துவிட்டுத்தான் கொடுக்கும், கணக்குத் தாக்கலில் சரிசெய்துகொள்ளலாம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு, 18 சதவீதம். உத்யம் பதிவை (சிறுதொழில் என்று அரசிடம் பதிவது) முதல் வாரத்திலேயே செய்யுங்கள், இலவசம்தான். சிறுதொழில் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளில் உங்களுக்குப் பணம் வர வேண்டும். 2023-24 நிதியாண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவைத் தாண்டி வைத்திருக்கும் பாக்கியை, கொடுத்து முடிக்கும் வரை செலவுக் கணக்கில் காட்டி வரி குறைக்க முடியாது. இன்வாய்ஸில் உத்யம் எண்ணைப் போட்டால், கொடுக்கச் சொல்லி அவர்களுடைய ஆடிட்டரே நச்சரிப்பார். நீங்கள் நச்சரிப்பதைவிட அதற்கு வேகம் அதிகம்.

எதைக் கற்றுக்கொள்வது? இன்னொரு டிகிரி உங்களுக்கு அவசியமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை, டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தின் விளம்பரம்–மக்கள் தொடர்பு டிப்ளமா எல்லாம் நல்லவை, ஆனால் அவை தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு. உங்களுக்குக் குறைவது செய்தி அறை அனுபவம். இரண்டு வழி இருக்கிறது. ஒரு பிஆர் ஏஜென்சியில் ஊடகத் தொடர்புப் பிரிவுக்கு மாறி இரண்டு வருடம் இருங்கள், அல்லது ஒரு தமிழ் நாளிதழின் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒரு வருடம் உட்காருங்கள். சம்பளம் குறையலாம். எந்தத் தலைப்பை எடிட்டர் அடிக்கிறார், எந்த வழக்கறிஞர் நோட்டீஸுக்குப் பயப்படுகிறார்கள், எதற்குச் சிரித்துவிட்டுக் குப்பையில் போடுகிறார்கள் என்று அங்கே பார்ப்பதை வேறு எங்கும் பார்க்க முடியாது. கூடவே ஒரு துறையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை, கல்லூரி, நகைக்கடை, ரியல் எஸ்டேட், எதுவாகவும் இருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் நோயாளி பெயரை வெளியே விடக் கூடாது என்பதையும், ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் ஃப்ளாட் விளம்பரம் போடக் கூடாது என்பதையும் ஆலோசகருக்கு வாடிக்கையாளர் சொல்லித் தரக் கூடாது.

ஏஐ பற்றி: பண்டிகை வாழ்த்து, ‘ஐந்து குறிப்புகள்’ வகைப் போஸ்ட், ஆங்கிலக் குறிப்பின் முதல் வரைவு எல்லாம் போய்விட்டன, திரும்பி வராது. நீங்கள் இப்போது செய்யும் வேலையில் பெரும்பகுதி அதுதான் என்பதால்தான் மாறச் சொல்கிறேன். மேலே சொன்ன மிக்சர் அறிக்கையை ஏஐ எழுதித் தரும்; நான்கு கிளைக்கும் போன் போட்டு ஷெல்ஃப் காலியா என்று அது கேட்காது. இன்னொரு பக்கம் வேலை கூடவும் செய்திருக்கிறது. 2023 நவம்பரில் ரஷ்மிகா மந்தனாவின் போலி வீடியோ பரவியதிலிருந்து, ‘எங்கள் எம்டி குரலில் போலி ஆடியோ வந்தால் என்ன செய்வது’ என்று கம்பெனிகள் கேட்கத் தொடங்கிவிட்டன. எம்டியின் உண்மையான பேச்சுப் பதிவுகளை எங்கே வைப்பது, மறுப்பை யார் எந்தக் கணக்கிலிருந்து போடுவது, சைபர் கிரைம் உதவி எண் 1930க்கும் போலீஸுக்கும் யார் பேசுவது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நல்ல கட்டணம் கேட்கலாம்.

கடைசியாக வெப்சைட். ஒரு பக்கம் போதும். யாருக்காக வேலை செய்தீர்கள் என்ற லோகோ வரிசை வேண்டாம். இந்தத் தொழிலில் பாதி வாடிக்கையாளர்கள் உங்களை வைத்திருப்பதே வெளியே தெரிய வேண்டாம் என்பார்கள். அதற்குப் பதில், எல்லோருக்கும் தெரிந்த பழைய விவகாரம் ஒன்றை எடுத்து, வந்த அறிக்கையை வரிவரியாகப் பிரித்து, நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள் என்று தமிழில் எழுதிப் போடுங்கள். மாதம் ஒன்று, ஏஜென்சி வேலையில் இருந்துகொண்டே, ஆனால் உங்கள் ஏஜென்சியின் வாடிக்கையாளர்களைத் தொடாமல். சொமேட்டோ அறிக்கையிலிருந்தே ஆரம்பிக்கலாம், இன்னும் தேடினால் கிடைக்கிறது.